இன்னும் வாங்காத நாய்

துவாக்குடி சுங்கச்சாவடி தாண்டி ஒரு கிலோமீட்டரில், புளியமரத்தடியில் குணசீலன் தன் நாயை இறக்கிவிட்டான். அது வண்டியின் பின்னால் கொஞ்ச தூரம் ஓடி வந்தது. கண்ணாடியில் அது சிறுத்துக்கொண்டே போவதைப் பார்க்காமல் இருப்பதற்காகப் பாட்டுச் சத்தத்தைக் கூட்டிவைத்தான்.

அந்த நாயை அவன் இன்னும் வாங்கவே இல்லை.

தலையிலிருந்து தொப்பியைக் கழற்றினார்கள். எதிர்ச் சுவர்க் கடிகாரம் பதினொன்று ஐம்பது காட்டியது. அவன் நாற்காலியில் உட்கார்ந்தபோது பதினொன்று பத்து.

"தண்ணி குடிங்க சார்" என்றார் ரோஸ்லின் மேரி. செல்லப்பிராணி உரிம அலுவலகத்தின் தேர்வு அதிகாரி. ஐம்பது வயதிருக்கும். மேசையில் ஒரு பக்கம் தண்ணீர்ப் பாட்டில்கள், இன்னொரு பக்கம் காகிதக் கைக்குட்டைப் பெட்டிகள். குணசீலனுக்கு அவர் பாட்டிலைத்தான் நீட்டினார்.

"ஆறாவது வருஷம், நாலாவது மாசம். கைவிடல்" என்று அறிக்கையைப் படித்தார். "சாரி சார். இந்தத் தடவை உரிமம் இல்ல."

"மேடம், நான் அப்படிச் செய்யற ஆளே இல்ல."

"எல்லாரும் அதத்தான் சார் சொல்றாங்க."

"புனேக்கு மாத்திட்டாங்க மேடம். கம்பெனி குடியிருப்புல நாய் வெச்சுக்கக் கூடாதுன்னுட்டாங்க. நான் என்ன பண்ண முடியும்? ரெண்டு நாள் தூங்காம யோசிச்சேன்."

"அதுவும் அறிக்கையில வந்திருக்கு. பாதிப் பேரு யோசிக்கறதே இல்ல. அந்த விதத்துல நீங்க பரவாயில்ல."

குணசீலனுக்கு நாற்பத்தொரு வயது. தண்ணீர் சுத்திகரிப்புக் கருவி விற்கும் நிறுவனத்தில் திருச்சி மண்டல மேலாளர். நல்லவன் என்று பேரெடுத்தவன். பெயரும் அப்படியே அமைந்துவிட்டதால் அதைச் சந்தேகிக்க அவனுக்கு இதுவரை வாய்ப்பு வந்ததில்லை.

வாழ்நாள் பொறுப்புச் சட்டம் வந்து நான்கு வருடம் ஆகியிருந்தது. அதற்கு முன்னால் ஒரு காலம் இருந்தது. பிறந்தநாளுக்கு நாய்க்குட்டி, திருமண நாளுக்குப் பூனைக்குட்டி, பரீட்சையில் தேறினால் கிளி என்று வாங்கித் தள்ளிக்கொண்டிருந்தார்கள். பனிப்பிரதேசத்து நாய்கள் அக்னி நட்சத்திரத்தில் மொட்டை மாடியில் நாக்கைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றன. குட்டி வளர்ந்ததும், முடி கொட்டியதும், வீடு மாற்றியதும், குழந்தைக்கு இருமல் வந்ததும் அவை நெடுஞ்சாலைகளில் இறங்கிக்கொண்டன. காப்பகங்கள் பிதுங்கின. அப்போதுதான் யாரோ தொப்பியைக் கண்டுபிடித்தார்கள். விண்ணப்பிப்பவர் அதை மாட்டிக்கொண்டு உட்கார வேண்டும். நாற்பது நிமிடத்தில் ஒரு நாயோடு பதிமூன்று வருடம் வாழ்ந்துவிடுவார். சிறுநீர் துடைப்பது, காலை நடை, வாந்தி, ஊசி, கடித்துப்போட்ட செருப்பு, கடைசியில் கண் தெரியாத கிழநாயைத் தூக்கிக்கொண்டு மாடி இறங்குவது என்று ஒன்று விடாமல் வரும். உள்ளே போனபின் இது தேர்வு என்பது நினைவிருக்காது. முடிவு வரை நாயைக் கைவிடாதவருக்கு உரிமம்.

"திரும்ப எப்ப எழுதலாம்?" என்று குணசீலன் கேட்டான்.

"ஒரு வருஷம் கழிச்சு. ஆனா ஒரே வீட்டுல யாராவது ஒருத்தர் பாஸ் பண்ணாப் போதும் சார். உங்க மிஸஸ அனுப்புங்களேன்." ரோஸ்லின் தயங்கிவிட்டுச் சொன்னார். "பாஸானா, கடைக்குப் போகாதீங்க. நம்ம காப்பகத்துல முந்நூறு நாய் உக்காந்திருக்கு."

"பொண்ணு ஹஸ்கிதான் வேணுங்கறா மேடம். நீலக் கண்ணு. ஏற்கெனவே சொல்லி வெச்சாச்சு."

ரோஸ்லின் அறிக்கையை மடித்து வைத்தார். அடுத்தவரைக் கூப்பிட்டார்.

அவன் மனைவி நிறைமதி அரசுப் பள்ளியில் வேதியியல் ஆசிரியை. நாய் வேண்டும் என்று வீட்டில் சொல்லாதவள் அவள் ஒருத்திதான். "யாரு அள்ளிக் கொட்டறது?" என்று முதல் நாளே கேட்டிருந்தாள். மகள் யாழிசைக்குப் பதினோரு வயது. நான், நான் என்று கை தூக்கினாள். குணசீலனும் நான் என்றான். நிறைமதி இருவரையும் பார்த்துவிட்டுச் சாம்பாருக்குப் புளி கரைக்கப் போய்விட்டாள்.

"மிஷின் சரியில்ல நிறை" என்றான் அவன் அன்று மாலை. "என்னப் போய் ஃபெயிலுங்குது."

"எதுல விட்டீங்க?"

"என்னமோ பாயின்ட்டு..." புளியமரத்தைப் பற்றி அவன் சொல்லவில்லை. "நீ போயேன். நீ சுலபமாப் பாஸ் பண்ணிடுவ."

"எனக்கு நாயே வேணாங்கறேன்."

"அப்பறம் யாழி மூஞ்சியத் தூக்கிக்கிட்டுத் திரிவா. உனக்கு என்ன, நாற்பது நிமிஷம்தானே?"

அடுத்த சனிக்கிழமை அவள் போனாள். குணசீலன் வெளியே பெஞ்சில் காத்திருந்தான். உள்ளேயிருந்து ஒவ்வொருவராக வந்தார்கள். கோபமாக வந்தவர்கள் ஃபெயில் என்பது சீக்கிரமே புரிந்துவிட்டது. ஒரு பெரியவர் மட்டும் அழுதுகொண்டே வந்தார். அவர் மகன் கையைப் பிடித்து, "வாங்கப்பா, பாஸாயிட்டீங்க, குட்டியப் பாத்துட்டுப் போவோம்" என்றான். பெரியவர் தலையை ஆட்டிவிட்டு நேரே ஆட்டோவில் போய் ஏறினார்.

தேநீர் இடைவேளையில் ரோஸ்லின் வெளியே வந்தபோது குணசீலன் கேட்டான். "நூத்துக்கு எத்தன பேரு மேடம் தேறுவாங்க?"

"பதினொண்ணு."

"அந்தப் பதினொரு பேரும் நாய் வாங்கிடுவாங்களா?"

"ஒருத்தர் வாங்குவாங்க. சில மாசம் அதுவும் இல்ல."

"மீதிப் பேரு?"

"மீதிப் பேருக்கு நாய் செத்துப்போச்சு சார்" என்றார் ரோஸ்லின். "இப்பதானே செத்திருக்கு. உடனே இன்னொண்ணு வாங்குன்னா எப்படி வாங்குவாங்க? சட்டம் எழுதினவங்க இத யோசிக்கல. வேணுங்கறவங்க கைக்குக் குடுக்க முடியல. குடுக்கலாங்கறவங்க வேணாங்கறாங்க. என் காப்பகத்துல முந்நூறு அப்படியே இருக்கு." டம்ளரைக் கழுவி வைத்துவிட்டு உள்ளே போனார்.

நிறைமதி வெளியே வந்தபோது அவள் புடவை முந்தானை நனைந்திருந்தது. கையில் காகிதக் கைக்குட்டைப் பெட்டி ஒன்று முழுசாக இருந்தது. குணசீலன் எழுந்து, "பாஸா?" என்று கேட்டான். அவள் அவனைப் பார்த்தாள். ரொம்ப நாள் கழித்து ஊரிலிருந்து வந்தவரை, அடையாளம் சரிதானா என்று பார்ப்பதுபோல இருந்தது அந்தப் பார்வை.

"வந்திருக்கீங்களா" என்றாள்.

காரில் ஏறியதும் அவன் நேரே கடைக்கு விட்டான். வாலாட்டி செல்லப்பிராணி அங்காடி என்று பெரிய பலகை. வாசலில் நிறுத்தியதும் அவள், "வீட்டுக்குப் போங்க" என்றாள்.

"குட்டியப் பாத்துட்டு..."

"பணியாரம் போய் இன்னும் ஒரு மணி நேரம் ஆகல. வீட்டுக்குப் போங்க."

"பணியாரமா?"

"யாழி வெச்ச பேரு. வெள்ளையா உருண்டையா இருந்துச்சுல்ல." அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். "கடைசி எட்டு மாசம் எந்திரிக்கவே இல்ல. துண்டக் கட்டித் தூக்கித்தான் வெளிய கொண்டுபோவேன். நேத்து... நேத்துன்னா, அதுல நேத்து, என் மடியிலதான்."

அவன் சற்று நேரம் ஓட்டினான். பிறகு கேட்கக் கூடாததைக் கேட்டான். "நான் தூக்கலையா? நான் எங்க இருந்தேன்?"

"புனேல."

"சரி, மாத்தல் வந்துச்சு. நீ வரலையா?"

"நாய விட்டுட்டு வான்னீங்க. நான் வரல."

"அப்பறம்?"

"மொதல்ல மாசம் ஒருதரம் வந்தீங்க. அப்பறம் தீபாவளிக்கு மட்டும் வந்தீங்க."

"அப்பறம்?"

"சிக்னல் விழுந்திருச்சு. வண்டிய எடுங்க."

நிறைமதி மூன்று நாள் பள்ளிக்குப் போகவில்லை. இல்லாத நாய்க்குத் துக்க விடுப்பு கிடையாது என்பதால் வயிற்றுவலி என்று எழுதிக் கொடுத்தாள். தொப்பித் துக்கம் என்று இதற்கு ஊரில் பெயரே வந்திருந்தது. மூன்றாம் வீட்டு அம்மாள் விசாரிக்க வந்து, எப்படி விசாரிப்பது என்று தெரியாமல் முருங்கைக்காய் கொடுத்துவிட்டுப் போனார். காலையில் ஐந்தரைக்கு நிறைமதி தானாக எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டு வாசல் வரை போவாள். அங்கே நின்று, கழற்றிவிட்டுத் திரும்பி வருவாள்.

அதெல்லாம் ஒரு மாதத்தில் குறைந்தது. குறையாதது ஒன்று இருந்தது. குணசீலனிடம் அவள் மரியாதையாக நடந்துகொள்ள ஆரம்பித்திருந்தாள். சாப்பிட உட்கார்ந்தால் முதல் தோசை அவனுக்கு வந்தது. "இன்னும் ஒண்ணு வெக்கட்டுமா?" என்று கேட்டாள். பதினான்கு வருட மணவாழ்க்கையில் அவள் அப்படிக் கேட்டதில்லை, அவளாக வைத்துவிடுவாள். துவைத்த சட்டையை மடித்து அவன் பக்கத்தில் வைத்தாள். சண்டையே போடவில்லை. தீபாவளிக்கு வந்து போகிற ஆளிடம் என்ன சண்டை?

"நான் இன்னும் புனேக்குப் போகவே இல்லையேடி!" என்று ஒருநாள் கத்தியே விட்டான்.

"நான் ஏதாவது சொன்னேனா?" என்றாள் அவள், நிஜமான ஆச்சரியத்துடன்.

அவன் உரிம அலுவலகத்துக்குப் போய் ரோஸ்லின் முன்னால் உட்கார்ந்தான். "மேடம், நாய்க்குத் தேர்வு வெக்கறீங்க, சரி. என்னப் பத்தி அபாண்டமா என் பொண்டாட்டிகிட்டச் சொல்ல உங்க மிஷினுக்கு என்ன உரிமை? நான் வர மாட்டேன்னு அதுக்கு எப்படித் தெரியும்?"

ரோஸ்லின் பேனாவை மூடி வைத்தார். "மிஷினுக்குத் தெரியாது சார். வேல, மாத்தல், வீடு, உடம்புக்கு வர்றது, இதெல்லாம்தான் பதிவுகள்லேர்ந்து எடுக்கும். உங்க கம்பெனியில நாலு வருஷத்துக்கு ஒருக்கா மாத்தறாங்க, அது கணக்கு. கூட இருக்கற ஆளுங்கள மிஷின் எங்கேர்ந்து கொண்டுவரும்? தொப்பி போட்டிருக்கறவங்க மனசுல அவங்க எப்படி இருக்காங்களோ, அப்படித்தான் வருவாங்க."

குணசீலன் புரியாததுபோல உட்கார்ந்திருந்தான். புரிந்துவிட்டிருந்தது.

"அப்ப அந்தப் புனேக்காரன்..."

"உங்க மிஸஸுக்குத் தெரிஞ்ச நீங்க சார். நான் இத யார்கிட்டயும் சொல்றதில்ல. நீங்க கேட்டதால சொல்றேன். அவங்க வேணும்னு நெனச்சதும் இல்ல. அவங்களுக்கே இது தெரியாது."

வீட்டுக்குப் போகப் பிடிக்காமல் ஊரைச் சுற்றினான். நிறைமதி நினைத்ததில் தவறு கண்டுபிடிக்க முயன்றான். யாழிசை பிறந்த அன்று அவன் விற்பனை மாநாட்டில் இருந்தான். மாமனாரின் அறுவை சிகிச்சையன்று மருத்துவமனை வாசல் வரை போய்விட்டு, கார் நிறுத்த இடம் இல்லை என்று திரும்பினான். ஒவ்வொன்றுக்கும் காரணம் இருந்தது. புளியமரத்தடிக்கும் இருந்தது.

ஜூன் மாதம் புனேக்கு மாற்றல் வந்தது. இதில் யாருக்கும் ஆச்சரியம் இல்லை. போகவில்லை என்றால் வேலையை விட வேண்டும். நிறைமதியால் அரசு வேலையை விட்டு வர முடியாது. யாழிசையும் அப்போதுதான் ஏழாம் வகுப்பு. உத்தரவைக் காட்டியபோது நிறைமதி, "போயிட்டு வாங்க. ஸ்வெட்டர் எடுத்து வெக்கறேன்" என்றாள். அவ்வளவுதான். ஏற்கெனவே ஒருமுறை வழியனுப்பி வைத்தவளின் பழக்கம் அதில் இருந்தது.

கிளம்புவதற்கு முந்தின வாரம், முன்பதிவை ரத்து செய்ய அவன் வாலாட்டி அங்காடிக்குப் போனான். கடைக்காரர் சின்னதுரை எரிச்சலோடு வரவேற்றார்.

"பத்து மாசமா உங்களுக்குப் போன் போட்டுட்டே இருக்கேன் சார். இப்ப வந்து வேணாங்கறீங்க."

"உரிமம் இருக்கு. வீட்டுல வேணாங்கறாங்க."

"அதச் சொல்லி நான் என்ன பண்றது? வந்து பாருங்க."

கடையின் பின்பக்கம் குளிரூட்டிய கண்ணாடி அறை ஒன்று இருந்தது. குட்டிகளுக்காகக் கட்டியது. அதற்குள் முழு வளர்ச்சிக்கு வந்துவிட்ட ஒரு ஹஸ்கி, திரும்ப இடமில்லாமல் கோணலாகப் படுத்திருந்தது. அவனைப் பார்த்து எழுந்திருக்க முயன்று, தலை இடித்துக்கொண்டு, மறுபடி படுத்தது. கண்கள் நீலம்தான்.

"வளந்திருச்சு, இனிமே யாரும் கேக்க மாட்டாங்க" என்றார் சின்னதுரை. "பொட்டை. ஒரு பண்ணைக்காரர் கேட்டிருக்காரு. வருஷத்துக்கு ரெண்டு ஈத்து குட்டி எடுத்துக்குவாரு. அங்க அனுப்பிடறேன்."

"வேற யாருக்காவது விக்க வேண்டியதுதானே? நான் கேக்கறதுக்கு முன்னாடியே வெச்சிருந்ததுதானே இது?"

"யாரு சொன்னா? இந்தச் சட்டம் வந்தப்பறம் எவன் சார் குட்டிய வாங்கி அடுக்கி வெக்கறான்? புக்கிங் வந்தாத்தான் பொட்டைய ஆண் நாய் கூடச் சேப்பாங்க. நீங்க போன ஏப்ரல்ல போன் பண்ணீங்க. அதுக்கப்பறம்தான் இது."

குணசீலன் விரல் விட்டு எண்ணிப் பார்த்தான். கூட்டத்துக்கு நடுவில், தேநீர் இடைவேளையில், இரண்டு நிமிடம் பேசிய அழைப்பு அது. நீலக் கண் இருக்கட்டும் என்று சொன்னது ஞாபகம் வந்தது. உலகத்தில் இல்லாமல் நிம்மதியாக இருந்த ஒன்றை அவன்தான் கூப்பிட்டு வரவழைத்து இந்தக் கண்ணாடிக்குள் பத்து மாதம் உட்கார வைத்திருக்கிறான். ஆறு வருடம் கழித்துக் கைவிடுவான் என்று மிஷின் சொன்னது. மிஷின் தாராளமாகக் கணக்குப் போட்டிருக்கிறது.

"கதவத் தொறங்க" என்றான்.

வீட்டுக்கு அழைத்துப் போனபோது யாழிசை எட்டிப் பார்த்துவிட்டு, "நாயா? எதுக்குப்பா? அம்மா மறுபடி அழுவாங்க" என்றாள். அவளுக்கு இப்போது டேக்வாண்டோ தற்காப்புக் கலையில்தான் ஆசை. நிறைமதி வாசற்படியில் நின்றாள், இறங்கி வரவில்லை.

"அது பணியாரம் இல்ல" என்றாள்.

"தெரியும். இத நீ பாத்துக்க வேணாம். எங்கூடப் புனேக்கு வருது."

"குடியிருப்புல நாய் கூடாதே?"

"வெளிய வீடு பாத்துக்கறேன்."

"நீங்க ஃபெயிலு" என்று அவள் நினைவூட்டினாள். குத்திக் காட்டவில்லை, ஆசிரியை மதிப்பெண் சொல்வதுபோலச் சொன்னாள்.

"வீட்டுக்கு ஒருத்தர் பாஸ் பண்ணாப் போதும்னு சட்டம்" என்றான் குணசீலன். "உன் உரிமத்துல ஒரு கையெழுத்துப் போடு."

போட்டாள். ஏதோ கேட்க வந்து, கேட்காமல் உள்ளே போனாள். அவன் கிளம்பிய காலையில் பையைத் திறந்தபோது ஸ்வெட்டருக்கு மேல் நான்கு பக்கக் காகிதம் ஒன்று இருந்தது. எந்த வயதில் எந்தத் தடுப்பூசி, சாக்லேட் ஏன் ஆகாது, காதில் அழுக்கு எடுப்பது எப்படி, வெயிலில் நடக்கும் முன் தரையில் புறங்கையை வைத்துப் பார்ப்பது. இதுவரை ஒரு நாயையும் தொட்டு வளர்க்காதவள் எழுதியது.

புனேவில் நாய் வைத்துக்கொள்ளச் சம்மதிக்கும் வீடு ஊருக்கு வெளியே கிடைத்தது. அலுவலகத்துக்கு ஒன்றரை மணி நேரப் பயணம். நாய்க்குக் கஸ்தூரி என்று பெயர் வைத்தான். தன் மேலதிகாரி அம்மாளின் பெயரும் அதுதான் என்பது பழகிய பிறகே தெரிந்தது. அதற்குள் நாய் அந்தப் பெயருக்குத் திரும்ப ஆரம்பித்திருந்தது. கண்ணாடி அறையிலேயே வளர்ந்ததால் அதற்குப் படிக்கட்டு தெரியவில்லை. மழை தெரியவில்லை. தனியாக இருந்தால் கதவைப் பிறாண்டி நகங்களில் ரத்தம் வரவைத்துக்கொண்டது. முதல் மூன்று மாதத்தில் அவனை இரண்டு தடவை கடித்தது. இரண்டாவது தடவை ஊசி போட்டுக்கொண்டு திரும்பும்போது நெடுஞ்சாலை ஓரம் வரிசையாக மரங்கள் வந்தன. பின் இருக்கையில் கஸ்தூரி தூங்கிக்கொண்டிருந்தது. அவன் வேகத்தைக் குறைத்தான். ஒரு மரத்தடியில் வண்டியை நிறுத்தவும் செய்தான். கதவைத் திறந்து தண்ணீர் வைத்தான். அது குடித்து முடிக்கும் வரை நின்று, கதவைச் சாத்திவிட்டு வீட்டுக்கு ஓட்டினான்.

முதல் மாதம் ஊருக்குப் போனான். பக்கத்து வீட்டில் விட்டிருந்த கஸ்தூரி மூன்று நாள் சாப்பிடவில்லை. அடுத்த மாதம் போகவில்லை. நாய்க் காப்பாளர் வேலைக்கும் தொப்பி போட்டுத் தேற வேண்டும் என்று சட்டம் திருத்தியிருந்தார்கள். ஆகவே புனே முழுக்கக் காப்பாளர் என்று யாரும் இல்லை. தீபாவளிக்குக் காரில் அதையும் ஏற்றிக்கொண்டு கிளம்பி, கோலாப்பூர் தாண்டுவதற்குள் அது நான்கு முறை வாந்தி எடுத்ததில் திரும்பிவிட்டான். நிறைமதியிடம் வேலை அதிகம் என்று சொன்னான்.

பொங்கலுக்கு ஒரு வாரம் இருந்தபோது அவள் கூப்பிட்டாள்.

"டிக்கெட் போட்டாச்சா?"

"இல்ல நிறை."

மறுமுனையில் சத்தம் இல்லை. நீ நினைத்தது சரிதான் என்று அவளே சொல்லிக்கொள்வதுபோல இருந்தது அது. அவன் இதற்கு மேல் மறைக்க முடியாமல் எல்லாவற்றையும் கொட்டினான். ரத்தம் வந்த நகம், சாப்பிடாத மூன்று நாள், கோலாப்பூர். "அத விட்டுட்டு எப்படி வர்றதுன்னு தெரியல. உன்கிட்டச் சொல்லவும் வெக்கமா இருந்துச்சு. நாய்க்காக வரலேன்னா நீ நம்புவியா?"

"நாய்க்காகவா வரல?"

"ஆமா."

மறுமுனையில் ஒரு சத்தம் வந்தது. அழுகிறாள் என்று அவன் பயந்தான். சிரித்துக்கொண்டிருந்தாள்.

"தொப்பிக்குள்ள பதிமூணு வருஷம்" என்றாள் மூச்சு வாங்கி. "ஏன் வரலேன்னு ஒருநாள்கூட உங்களக் கேக்கலங்க நான். எனக்கே தெரியும்னு நெனச்சுக்கிட்டேன்."

அவன் பதில் சொல்ல வாயெடுத்தான். அடுத்த அறையில் ஏதோ கிழிபடும் சத்தம் கேட்டது.

"என்னங்க அது?"

"தலகாணின்னு நெனக்கிறேன். இல்ல, ஸ்வெட்டர்."

"வாயில நூல் மாட்டியிருக்கான்னு பாருங்க, முழுங்கினாக் குடல்ல சிக்கிக்கும். இழுக்காதீங்க, வாயத் தொறந்து மெதுவா எடுங்க. போனக் கீழ வெச்சுட்டு மொதல்ல அதப் பாருங்க." பிறகு, தொப்பி மாட்டிய நாளிலிருந்து அவளிடம் இல்லாத ஒரு குரலில் அவனை அதட்டினாள். "போங்களேன், இன்னும் என்ன நின்னுக்கிட்டு!"